எண்ணிக்கையில் வராதவன்

பரிசு பெற்றவனைப் பாராட்டுதல் எளிது. பரிசு பெறாதவன்மீது தீர்ப்புக் கூறுதல் அதைவிட எளிது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் ஓதிக்கொடுத்துவரும் நாம், அவசரத் தீர்ப்பு ஆகாதென்று அவர்களுக்குப் பலமுறை போதித்திருக்கிறோம். ஆயினும் சென்ற ஆண்டு ஒரு கபடித் திடலின் ஓரத்தில் நின்றபோது அப்போதனை நம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பிழையையும், ஒரு சாதாரணக் குறிப்பேடு அதை நமக்கு உணர்த்திய விதத்தையும் வாசக அன்பர்களிடம் சொல்லிவிடுவது கடமையென்று கருதுகிறோம்.

நம் ஊர் வந்தவாசி கோரைப் பாய்க்குப் பெயர் பெற்றது. அண்டை ஊராகிய ஆரணியில் பட்டுத்தறி ஓயாததுபோல் இங்கே பாய்த்தறி ஓயாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், தறிவேலை முடித்து வரும் இளைஞர்களும் அஸர் தொழுகைக்குப் பின் திடலில் கூடுவார்கள். கபடி ஆடுவார்கள். அவர்களில் பலர் நம்மிடம் ஓதியவர்கள் என்பதால், அணியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நம்மையும் அழைத்து உட்கார வைப்பது வழக்கம்.

ஆட்ட நுணுக்கம் அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். அணிக்கு எழுவர். ஒருவன் ‘கபடி, கபடி’ என்று விடாமல் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் செல்வான். இதை இக்காலத்தார் ரெய்டு என்கிறார்கள். 30 விநாடிக்குள் எவரையேனும் தொட்டுத் திரும்பினால் அவன் அணிக்குப் புள்ளி. அவனை மடக்கிப் பிடித்துவிட்டால் தடுத்தவர்களுக்குப் புள்ளி. தடுப்போரில் இரு ஓரங்களிலும் நிற்பவர்களைக் கார்னர் என்பார்கள். கணுக்காலைப் பற்றுவதும் தொடையைக் கட்டுவதும் அவர்களின் வேலை. இக்கால விதிப்படி, ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவதில் எடுத்தே தீரவேண்டும். தவறினால் பாடிச் சென்றவன் வெளியேற வேண்டும். ஆகவே பாய்ந்து பிடிப்பது மட்டும் தடுப்பாகாது. பொறுத்து நிற்பதும் தடுப்பின் ஒரு கலையே.

சென்ற ஆண்டு நடந்த ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில் நம் பிள்ளைகள் தோற்றார்கள். ஆயினும் சிறந்த பிடிக்குரிய பரிசு நம் அணியின் இடது கார்னரில் நின்ற இளைஞனுக்குக் கிடைத்தது. வலது கார்னரில் நின்றவன் பாய்த்தறி வைத்திருக்கும் ஒருவரின் மகன், பதினேழு வயது, அதிகம் பேசமாட்டான். அவன் பிடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த போட்டிக்கு எழுவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது, அவனை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. பலர் முன்னிலையில், அவன் காதில் விழும்படியாக, “நின்று வேடிக்கை பார்ப்பதற்குத் திடலுக்கு வெளியே இடமிருக்கிறதே!” என்றோம். சிலர் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்து எழுந்து போனான். மறுநாள் திடலுக்கு வரவில்லை. அந்த வாரத்து மாலை அரபுப் பாடத்துக்கும் வரவில்லை.

அச்சமயத்தில்தான் நம் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தார். அவர் அங்கே கணினியில் தரவுகளைத் திரட்டி ஆராயும் பணியில் இருக்கிறார். நம்மைக் காண வந்தவரிடம், பேச்சோடு பேச்சாக இந்தச் செய்தியையும் சொன்னோம். நாம் சரியாகத்தான் சொன்னோம் என்று அவர் வாயால் கேட்க விரும்பினோம் போலும். அவரோ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஹஜ்ரத், எண்ணிப் பார்த்தீர்களா?” என்றார்.

“எத்தனை பிடித்தான் என்று எல்லாரும் எண்ணினார்களே!” என்றோம்.

“பிடித்ததை எண்ணினார்கள். அவன் பக்கம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினார்களா?”

நம்மிடம் பதில் இல்லை. அவர் தம் மடிக்கணினியைத் திறந்து, அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டமொன்றைக் காட்டினார். அதன் பெயர் அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பந்தும் உருண்டையன்று, இரு முனையும் கூரிய நீள்வடிவம். அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறவேண்டும். தடுக்கும் அணி அவர்களை மடக்கி வீழ்த்தவேண்டும். பார்க்கப் பார்க்க நம் கபடிக்கு அது தூரத்து உறவுபோலத் தோன்றிற்று.

அந்த ஆட்டத்தை எண்ணால் ஆராய்வது இன்று நேற்றுத் தோன்றியதன்று. விர்ஜில் கார்ட்டர் என்பவர் அந்த ஆட்டத்தில் பந்தெறியும் தலைமை ஆட்டக்காரராகவே இருந்தவர். அவர் ராபர்ட் மேக்கோல் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, திடலின் எந்த இடத்தில் பந்து இருந்தால் அதன் மதிப்பு எத்தனை புள்ளி என்று கணக்கிட்டு, 1971ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இப்பொழுதோ ஒவ்வோர் ஆட்டக்காரனின் தோள் கவசத்துக்குள்ளும் சிறு சில்லு வைத்திருக்கிறார்கள். அது அவன் நிற்கும் இடத்தை விநாடிக்குப் பத்து முறை குறித்துக்கொள்கிறது. அந்தத் தரவுகளைப் பொதுமக்களுக்கும் தந்து, ஆண்டுதோறும் ‘பிக் டேட்டா பௌல்’ என்று ஆராய்ச்சிப் போட்டி நடத்துகிறார்கள். 2024ஆம் ஆண்டுப் போட்டிக்கு எடுத்துக்கொண்ட பொருளே எதிரியை மடக்கி வீழ்த்தும் கலைதான்.

இவ்வளவு எண்ணியும் அவர்களை நெடுங்காலம் தடுமாற வைத்த கேள்வி ஒன்று உண்டு. எதிரியின் பந்து வீச்சைத் தடுக்க ஓரத்தில் நிற்பவனை அங்கும் கார்னர் என்றே அழைக்கிறார்கள். அவன் மிகத் திறமைசாலியாக இருந்தால், எதிரி அவன் பக்கம் பந்தை எறியவே மாட்டான். எறியாத பந்தை அவன் எப்படித் தட்டுவான்? ஏட்டில் அவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது? நியூயார்க் ஜெட்ஸ் அணியில் 2009ஆம் ஆண்டு டாரெல் ரேவிஸ் என்பவர் அப்படி நின்றார். அவர் காவல் காத்த பகுதிக்கு ‘ரேவிஸ் தீவு’ என்று பெயர் வந்தது. அங்கே அகப்பட்டவன் பந்தைப் பிடிப்பது அரிது. ஆகவே ஒரு தடுப்பாளன் எத்தனை பந்தைப் பிடித்தான் என்பதோடு, அவனை நோக்கி எத்தனை பந்து வந்தது, வராதது ஏன் என்பதையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

நம் நாட்டுக் கபடிக்கும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. 2014ஆம் ஆண்டு புரோ கபடித் தொடர் தொடங்கிய நாள்முதல் ஒவ்வொரு ரெய்டும் ஒவ்வொரு பிடியும் பதிவாகின்றன. தமிழ் தலைவாஸ் அணி அதில் 2017இல் சேர்ந்தது. நாற்பது வயதைக் கடந்த பின்னும் தடுப்பாட்டத்தில் நின்று ஆடிய தஞ்சைப் பகுதித் தர்மராஜ் சேரலாதனையும், பிடிப்பதில் சுல்தான் என்று பெயரெடுத்த ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலியையும் நம் பிள்ளைகள் மனப்பாடமாக அறிவார்கள். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணி, 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் 18க்கு 27 என்று தோற்றது. அந்த ஈரானியரில் சிலர் இந்தியத் தொடரில் ஆடி, நம் வீரர்களின் பழக்கங்களை அருகிலிருந்து கண்டவர்கள். எதிரி எந்தக் காலை முதலில் வைப்பான், எந்தப் பக்கம் சாய்வான், எத்தனையாவது விநாடியில் பாய்வான் என்று அறிந்தவனுக்குப் பாதிப் பிடி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மாணவர் இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நமக்கு அல்கிந்தியின் நினைவு வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அந்தத் தத்துவ அறிஞர், மறைமொழியில் எழுதிய கடிதங்களைத் திறக்கும் வழி குறித்து ஒரு ரிஸாலா எழுதினார். அதன் பிரதி இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடைத்தது. ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று முதலில் எண்ணு. பிறகு மறைமொழியில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறதென்று எண்ணு. இரண்டையும் ஒப்பிடு என்பது அவர் காட்டிய வழி. மனிதன் தன் இரகசியத்தை மறைத்தாலும் தன் பழக்கத்தை மறைக்க இயலாது என்பது அதன் உட்பொருள். எழுதுகிறவனுக்குப் பொருந்துவது ஆடுகிறவனுக்கும் பொருந்தும். கடிதம் மிகச் சிறியதாயின் இவ்வழி பயன்படாது என்றும் அப்பெரியார் எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை பின்னர் நமக்குத் தேவைப்பட்டது.

மாணவர் மற்றொருவரைப் பற்றியும் சொன்னார். ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். போரிலிருந்து குண்டடிபட்டுத் திரும்பும் விமானங்களில் எங்கே துளைகள் மிகுதியென்று பார்த்து அங்கே கவசம் பூட்டலாம் என்பது பொதுவான எண்ணம். வால்ட் 1943இல் செய்த கணக்கு அதைத் திருப்பிப் போட்டது. நம் கண்முன் நிற்பவை திரும்பி வந்த விமானங்கள்; திரும்பாதவை எங்கே அடிபட்டன என்பதல்லவா கேள்வி? துளையில்லாத இடத்தில் அடிபட்டவை திரும்பவேயில்லை; கவசம் அங்கேதான் வேண்டும். இத்தகைய கணக்கை உலகுக்குத் தந்த அந்த அறிஞர், 1950 டிசம்பர் 13 அன்று, சொற்பொழிவாற்ற இந்தியாவுக்கு வந்த பயணத்தில், நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு மாண்டார். அவர் ஏறிய விமானமும் திரும்பாத விமானங்களில் ஒன்றாயிற்று. இதைக் கேட்டபோது நம் நெஞ்சு கனத்தது.

அன்றிரவே குறிப்பேடு ஒன்றை எடுத்துக் கோடு கிழித்தோம். இளைஞர்கள் கைபேசியில் பிடித்து வைத்திருந்த மூன்று ஆட்டங்களின் படங்கள் கிடைத்தன. ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி. பாடி வந்தவன் யார், எந்தப் பக்கம் போனான், யார் பிடிக்க முயன்றார், பிடி நின்றதா என்று பத்தி பிரித்து எழுதினோம். உண்மையைச் சொல்வதானால், நம் தீர்ப்புக்கு ஆதாரம் தேடித்தான் எழுத உட்கார்ந்தோம்.

மூன்று ஆட்டங்களிலும் எதிரணியினர் பாடி வந்தது 87 முறை. அவற்றில் 61 முறை நம் இடது பக்கம் போயிருந்தார்கள். 15 முறை நடுவில் நின்று திரும்பியிருந்தார்கள். நாம் ஏளனம் செய்த பிள்ளையின் பக்கம் வந்தது 11 முறைதான். அந்தப் பதினொன்றில் அவன் ஆறு முறை பிடிக்க முயன்றான். நான்கு முறை பிடி நின்றது. பரிசு பெற்றவன் 22 முறை முயன்று ஒன்பது பிடித்திருந்தான். முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரணியின் சிறந்த ரைடரை வலது கார்னர்ப் பிள்ளை கணுக்காலில் பற்றி இழுத்துப் போட்டது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதன்பிறகு அந்த ரைடர் அவன் பக்கம் திரும்பவேயில்லை. நாம் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள். அந்தப் பிடிக்குக் கைதட்டியவர்கள். மறந்துவிட்டோம்.

வெட்கத்தோடு குறிப்பேட்டை மாணவரிடம் நீட்டி, “தவறு செய்துவிட்டோம், அவனே அணியின் சிறந்த தடுப்பாளன்” என்றோம். அவர் சிரித்தார். “ஹஜ்ரத், முதலையை மறந்துவிட்டீர்களே!” என்றார்.

மதரஸாவில் மன்திக் படித்தவர்கள் இந்த முதலையை அறிவார்கள். பலவற்றைப் பார்த்துப் பொதுவிதி காண்பதற்கு இஸ்திக்ரா என்று பெயர். மனிதன் மெல்லும்போது கீழ்த்தாடையை அசைக்கிறான், குதிரையும் அவ்வாறே, மாடும் அவ்வாறே, ஆகவே எல்லா உயிர்களும் அவ்வாறே என்று ஒருவன் முடிவு செய்தால், முதலை மேல்தாடையை அசைத்து அவன் விதியை உடைத்துவிடுகிறது என்பது பாடம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் நமக்குத் திருப்பித் தந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த முதலையையும் நம் முன்னோர் சரியாகப் பார்க்கவில்லை. முதலையும் கீழ்த்தாடையைத்தான் அசைக்கிறது; தலையைத் தூக்கி வாய் பிளப்பதால் மேல்தாடை அசைவதுபோல் தோன்றுகிறது என்று இக்கால விலங்கியல் கூறுகிறது. விதியை மட்டுமல்ல, விதிவிலக்கையும் இருமுறை பார்க்கவேண்டும்!

“பதினொரு முறை என்பது சிறிய எண். தவிர, அந்த ரைடர்கள் இயல்பாகவே அந்தப் பக்கம் போகும் பழக்கமுள்ளவர்களாக இருக்கலாம். அப்படியானால் இவனுக்கு அஞ்சினார்கள் என்பது நம் கற்பனை” என்றார் மாணவர். ஆகவே அதே ரைடர்கள் வேறோர் அணியோடு ஆடிய ஆட்டத்தின் படத்தைத் தேடிப் பிடித்து, அதையும் எண்ணினோம். அங்கே அவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் போயிருந்தார்கள். அப்போதும் மாணவர் அளவோடுதான் பேசினார். “இவனே சிறந்தவன் என்று சொல்ல இது போதாது. இவன் சும்மா நின்றான் என்று சொன்னது தவறு என்று காட்ட இது போதும்” என்றார். அந்த நிதானம் நமக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதனை உயர்த்துவதற்கும் அவசரம் ஆகாதல்லவா?

மறுநாள் மாலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நடந்தோம். வழியில் நம் ஊர்க் கோட்டையின் சிதைவுகள். 1760 ஜனவரி 22 அன்று இங்கே நடந்த போரைப் பாடநூலில் படிக்காதவர் இல்லை. பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டிருக்க, ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்து வென்றார் என்று படிக்கிறோம். கூட் வந்து சேரும்வரை கோட்டைக்குள்ளிருந்து தாக்குப்பிடித்த சிறுபடையை யார் நினைக்கிறார்கள்? 1780இல் ஹைதர் அலியின் படை சூழ்ந்தபோது ஃபிளிண்ட் என்ற இளம் அதிகாரி சிலரை வைத்துக்கொண்டு இதே கோட்டையைக் காத்து நின்றார். அவர் பெயரும் நம் ஊரில் எவர் வாயிலும் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. காத்து நின்றவனைக் கணக்கில் எழுதாத பழக்கம் பழையது என்று மட்டும் தோன்றிற்று.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தகப்பனார் தறியை நிறுத்திவிட்டு, “வாங்க ஹஜ்ரத்” என்று பாய் விரித்தார். மகனை அழைத்தார். அவன் வந்து ஸலாம் சொல்லி ஓரமாக நின்றான். எந்தச் சொல்லைப் பலர் முன்னால் சொன்னோமோ, அதை அவன் தகப்பனார் முன்னால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னோம். குறிப்பேட்டை அவன் கையில் கொடுத்தோம். அவன் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“உன்னை மறுபடியும் வலது கார்னரில் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்” என்றோம்.

அவன் மெதுவாகச் சொன்னான்: “சரிங்க ஹஜ்ரத். ஆனா இடது பக்கம் நிக்கிறவனைக் குறை சொல்லிடாதீங்க. எல்லாரும் அவன் மேலதானே வந்தாங்க. பதிமூணு தடவை விட்டுட்டான்னு இதைப் பார்த்து யாராவது சொல்லுவாங்க.”

நாம் வாயடைத்து நின்றோம். இருபத்திரண்டில் ஒன்பதைக் கழித்தால் பதின்மூன்று என்பதை நாமும் அறிவோம். ஆனால் அந்தக் கழித்தலில் இன்னொரு பிள்ளைக்கு வரக்கூடிய பழி இருக்கிறதென்று நமக்குத் தோன்றவில்லை. பரிசு பெற்றவனுக்காகப் பரிசு பெறாதவன் பேசினான்.

அவன் சொன்னதில் கணக்கின் உண்மையும் இருந்தது. பெயர்பெற்ற தடுப்பாளர்களே முயன்ற பிடிகளில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிடுகிறார்கள். மிகுதியாக முயல்பவன் மிகுதியாகத் தவறுவான். ஆகவே தவறியதை மட்டும் எண்ணுவதும், பிடித்ததை மட்டும் எண்ணுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். அன்றிரவு குறிப்பேட்டின் முகப்பில், ‘யார் பக்கம் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதாமல் எவன் பெயரையும் எழுதாதே’ என்று நமக்கு நாமே எழுதி வைத்துக்கொண்டோம்.

இல்லங்களிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சம்பாதித்து அனுப்பும் மகனின் தொகை எல்லாருக்கும் தெரிகிறது. தள்ளாத பெற்றோரோடு ஊரில் தங்கிவிட்ட மகனின் கணக்கில் என்ன இருக்கிறது? வராத நோய், ஏற்படாத கடன், மூளாத சண்டை, தாளிடாமல் விடப்படாத கதவு. நிகழாதவற்றுக்கு ரசீது கிடையாது. நம்மில் எத்தனை வீடுகளில் அப்படியொரு பிள்ளை ஓரமாக நின்றுகொண்டிருக்கிறான், அப்படியொரு பெண் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த போட்டியில் அவன் ஆடினான். நாம் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தோம். முதல் பாதி முழுவதும் அவன் பக்கம் எவரும் நெருங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “அந்தப் பையன் என்ன, சும்மாவே நிற்கிறான்?” என்றார். நாம் குறிப்பேட்டை அவர் பக்கம் நகர்த்தி, முதல் பத்தியைத் தொட்டுக் காட்டினோம்.